சொல்லக் கூசும் நோய்

பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண்ணை மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். மருத்துவர் பலரை நாடி, கைப்பொருள் அனைத்தையும் இழந்து, நோய் மிகுந்ததையே கண்டவள் அவள். இயேசுவின் முன்னால் வந்து நிற்க அவளுக்குத் துணிவில்லை. கூட்டத்தோடு கூட்டமாய்ப் பின்புறம் வந்து ஆடையை மட்டும் தொடுகிறாள். அவளது நோய் நாலுபேர் முன்னிலையில் சொல்லக்கூடிய நோயன்று. குணம் பெற்ற பின்பும் ஆண்டவர் அவளை மறைவாய்ப் போகவிடவில்லை. தொட்டவர் யாரெனத் தேடுகிறார். அவள் நடுங்கியபடி உண்மை முழுவதையும் சொல்கிறாள். அப்போதுதான் அவர் அவளை மகளே என்று அழைக்கிறார்.

அன்பார்ந்த வாசகர்களே, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இரப்பர் தோட்டங்களிலும் அப்பெண்ணைப் போலப் பின்புறமாய் வருவோர் உண்டு. அவர்களுள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயால் வருந்துவோரைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறோம்.

இந்நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் வலியின்றிச் சிறுநீரில் கலந்துவரும் இரத்தம். வலியில்லை என்பதே இங்கு ஏமாற்று. இரண்டொரு நாளில் நின்றுவிடும். வாரங்கள் கழித்து மீண்டும் வரும். நம்மவர் இதற்கு உடனே சொல்லும் விளக்கம் 'உடம்புச் சூடு' என்பது. இளநீரும் நெருஞ்சில் கஷாயமுமாக மாதங்கள் கழியும். பெண்களாயின் மாதவிலக்குக் கோளாறு என்று இன்னும் சில மாதங்கள் கழியும். புகைத்தலே இந்நோய்க்கு முதன்மைக் காரணம் என்பதைப் பீடியைக் கையில் வைத்திருக்கும் தந்தையர் அறிந்திருத்தல் நன்று. (இரப்பர்ப் பொருட்கள் செய்யும் ஆலைகளின் இரசாயனங்களும் காரணமாகலாம் என்பது நிறுவப்பட்ட உண்மை. அது ஆலைகளைப் பற்றியது, பால்வெட்டைப் பற்றியதன்று.) ஒருமுறை இரத்தம் கண்டாலும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஆயினும் நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கும், அவர்களோடு ஒரே காம்பராவில் உறங்கி எழுபவர்களுக்கும் சொல்லவேண்டியதே அதிகம். லயத்து வீட்டில் தனிமை ஏது? மலசலகூடமோ பல வீடுகளில் வெளியே, சில இடங்களில் அயலாரோடு பொதுவாக. இரவில் பத்துத் தடவை எழுந்து, மழையில் நனைந்து போய்வரும் ஒருவரின் வேதனையில் பாதி நோயினால் வருவது. மறுபாதி பிறர் பார்வையினால் வருவது. கட்டிலருகே ஒரு வாளியும் மறைப்புக்கு ஒரு சேலைத் திரையும் வைக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கேட்கக் கூசுவார், கேட்குமுன் வைத்துவிடுங்கள்.

சிறுநீர்ப்பையை முழுதாக அகற்றிய சிலருக்கு, குடலின் ஒரு சிறு பகுதியைக் கொண்டு வயிற்றில் ஒரு வாய் அமைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் பை ஒன்றைப் பொருத்துவர். கன்னட நடிகர் சிவராஜ்குமாருக்கு, 'ஜெயிலர்' திரைப்படத்தின் வழியாக நம் இளைஞர் அறிந்தவர் அவர், 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி நகரில் சிறுநீர்ப்பை அகற்றப்பட்டு, குடலிலிருந்தே உள்ளே புதிய பை அமைக்கப்பட்டது. அவர் அதனை மறைக்கவில்லை. 2025 புத்தாண்டு நாளில் தாமே மக்களுக்கு அறிவித்தார். எல்லோருக்கும் அச்சிகிச்சை பொருந்தாது. மயாமிக்குச் செல்லும் வசதியும் நமக்கில்லை. ஆனால் மறைக்காமல் சொல்லும் துணிவுக்குப் பணம் தேவையில்லை அல்லவா?

வெளியே பை அணிந்தவர்கள், அது மூன்றிலொரு பங்கு அல்லது பாதி நிறைந்ததும் வெறுமையாக்க வேண்டும். சிறுநீரில் வெண்ணிற நூல்போலச் சளி வந்தால் அஞ்சவேண்டாம். குடலின் இயல்பு அது. நன்றாகப் பொருந்திய பை நாறுவதில்லை. இந்தக் கடைசிச் செய்தியை அயலவருக்கும் சொல்லிவையுங்கள்.

இனிக் கீமோதெரபி. இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குச் செல்லும் வீதி மகரகம நகரினூடாகவே போகிறது. அபேக்ஷா வைத்தியசாலைக்கு விடியுமுன் பேருந்து ஏறுவோர் பலர். துணைக்குச் செல்பவருக்கு அன்றைய பேர் இல்லை. வழியில் சிறுநீர் முட்டுமே என்று அஞ்சி, நோயாளி முந்திய இரவிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறார். இது பெரும் தீங்கு. இந்நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. உடலில் நீர் குறைந்தால் தீங்கு கூடும். வைத்தியர் சொன்ன அளவு நீரைக் குடித்து, நடத்துநரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஏறுங்கள். கஷாயம் எதையும் வைத்தியரிடம் சொல்லாமல் குடிக்கவேண்டாம்.

அம்மருந்தே விரல் நுனிகளையும் பாதங்களையும் மரத்துப்போகச் செய்வதுண்டு. கொழுந்து பறித்த விரல்கள், பால்வெட்டுக் கத்தி பிடித்த விரல்கள், சட்டைப் பொத்தானைப் போட இயலாமல் தவிக்கும். இதைச் சோம்பல் என்று எண்ணும் வீடுகளும் உண்டு. காதில் இரைச்சல், குமட்டல், வாய்ப்புண், எழமுடியாத அசதி ஆகியவையும் மருந்தின் விளைவுகளே. அவற்றை ஒவ்வொன்றாய்க் கிளினிக்கில் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. உங்களுக்கு விளங்கும் மொழியில் கேட்கத் தயங்கவேண்டாம். மொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: கீமோதெரபிக்குப் பின் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், பனடோல் கொடுத்து விடியும்வரை காத்திருக்கலாகாது. அந்நேரமே ஆட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த உடலில் கிருமி சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும்.

நம் குடும்பங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. வைத்தியர் சொன்னதை நோயாளியைத் தவிர மற்ற எல்லோரும் அறிவர். அன்பினால் செய்கிறோம் என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்த ஹியூபர்ட் ஹம்ஃப்ரி 1967 இல் சிறுநீரில் இரத்தம் கண்டார். 1976 இல் அவரது சிறுநீர்ப்பை அகற்றப்பட்டது. 1977 ஓகஸ்டில், புற்றுநோய் இனி அகற்ற இயலாதபடி பரவிவிட்டதை நாடே அறிந்தது. தம் காலம் குறுகியதென அறிந்த அவர் நண்பர்களையும் எதிராளிகளையும் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். 1968 தேர்தலில் தம்மைத் தோற்கடித்தவரும், பின்னர் அவப்பெயரோடு பதவி துறந்தவருமான நிக்சனும் அவர்களுள் ஒருவர். 1978 ஜனவரி 13 ஆம் திகதி ஹம்ஃப்ரி மறைந்தார். அவரது அஞ்சலிக்கு நிக்சன் வாஷிங்டன் வந்து நின்றார். பதவி துறந்தபின் அந்நகருக்கு அவர் திரும்பியது அதுவே முதன்முறை. நோயின் உண்மை மறைக்கப்பட்டிருந்தால் அந்த அழைப்புகள் நிகழ்ந்திருக்குமா? பத்து ஆண்டுகளாய்ப் பேசாத தம்பி கீழ் லயத்தில் இருக்கும் அப்பாவுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும்.

சிகிச்சை போதும் என்று நோயாளி சொன்னால் அது பாவமா என்று சிலர் கேட்கின்றனர். பாவமன்று. பலனுக்கு மிஞ்சிய துன்பம் தரும் சிகிச்சையை நிறுத்துவது முறையானதே என்று 1992 ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2278) கற்பிக்கிறது. அன்றாடப் பராமரிப்பை மட்டும் கைவிடலாகாது. மோர்பின் மருந்துக்கும் பலர் அஞ்சுகின்றனர். வலியைத் தணிக்க அதனைப் பயன்படுத்தலாம் எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 இலேயே தெளிவாக்கிவிட்டார். வலியை ஒறுத்தலாக ஏற்கவேண்டும் என்று படுக்கையில் கிடப்பவரிடம் உபதேசிப்போர், தங்கள் பல்வலிக்கு மாத்திரை விழுங்குவதில்லையா? மோர்பினை வலி வந்தபின் அன்றி, வைத்தியர் குறித்த நேரந்தவறாமல் கொடுக்கவேண்டும். மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள்.

நோயிற்பூசுதலை இன்னும் 'அவஸ்தைப் பூசுதல்' என்றே நம் பெரியோர் அழைக்கின்றனர். ஆதலால் குருவானவர் லயத்துப் படியேறினாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. அது இறக்கும் தறுவாயில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் எடுத்துரைத்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் பெறலாம். நோய் மிகுந்தால் மீண்டும் பெறலாம். குருவானவர் அடிக்கடி வர இயலாத தோட்டங்களில், அடுத்த திருப்பலி நாளுக்கு முன்னரே அவருக்குச் சொல்லிவையுங்கள்.

அந்நாளில் நோயாளி சிற்றாலயத்துக்கு வர விரும்பினால், கதவோர வாங்கில் ஓர் இடம் ஒதுக்குங்கள். மலசலகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று அவர் தேடி அலையாதபடி, திருப்பலி தொடங்குமுன்பே அதனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.