பசிலுக்குப் பட்டம் கொடுத்தது யார்?

பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசிலைப் பற்றி வாசிக்கத் தொடங்கினால் பெயரோடு ஒரு பட்டமும் வருகிறது: 'பல்கேரியரைக் கொன்றவர்'. 976 முதல் 1025 வரை கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்து ஆண்டவர். மணம் முடிக்கவில்லை. ஆட்சியின் ஆரம்ப ஆண்டுகள் சொந்தத் தளபதிகளின் கிளர்ச்சிகளை அடக்குவதிலேயே கழிந்தன. 986 இல் பல்கேரியாவில் படுதோல்வியும் கண்டார்.

பட்டத்துக்குப் பின்னால் இருப்பது 1014 ஜூலை 29. கிளெய்டியன் கணவாயை பல்கேரிய மன்னர் சாமுவேலின் படை வேலியடைத்து மறித்திருந்தது. பசிலின் தளபதி ஒருவர் மலையைச் சுற்றிச் சென்று பின்புறமாகத் தாக்கினார். பிடிபட்ட 15,000 பேரின் கண்களையும் பசில் பிடுங்க உத்தரவிட்டார், வழிகாட்டுவதற்காக நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் ஒரு கண்ணை விட்டுவைத்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்ஸஸ். திரும்பி வந்தவர்களைக் கண்டு மயங்கி விழுந்த சாமுவேல், அந்த அக்டோபரில் இறந்தார்.

ஸ்கைலிட்ஸஸ் இதை எழுதியது பல தசாப்தங்களுக்குப் பிறகு. கெக்காவ்மெனோஸ் என்பவர் 14,000 என்கிறார். அத்தனை பேரை இழந்த நாடு இன்னும் நான்கு ஆண்டுகள் போரிட்டிருக்க முடியுமா என்று இன்றைய ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 'எண்ணிக்கை மிகை' என்பது சில இடங்களில் மெல்ல 'அப்படி நடக்கவேயில்லை' என்று மாறிவிடுவதையும் வாசித்தேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணைப் பறிப்பது பைசாந்தியத்தில் வழமையான தண்டனை. எண்ணிக்கையை நமக்குச் சொல்பவர்களோ வென்ற பேரரசின் எழுத்தாளர்கள். கண்ணிழந்தவர்கள் சொன்னதாக எதுவும் நம் கைக்கு வரவில்லை.

1018 இல் பல்கேரியா பணிந்தது. பசில் அந்த மக்கள் முன்போலவே வரியைத் தானியமாகவும் திராட்சை மதுவாகவும் செலுத்த விட்டார். ஓகிரிட்டில் இருந்த அவர்களது திருச்சபைக்கு பல்கேரியர் ஒருவரையே பேராயராக நியமித்தார். கண்களைப் பறித்ததும் இதே ஆள்தான். அவரை ஒரே பட்டத்துக்குள் அடைப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

அவரது கல்லறைப் பாடல் மேற்கிலும் கிழக்கிலும் நடத்திய படையெடுப்புகளைப் பேசுகிறது. அந்தப் பட்டம் அதில் இல்லை. அது 12ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான், பல்கேரியர் மீண்டும் கிளர்ந்தெழுந்த காலத்தில், பரவியது என்று வரலாற்றாசிரியர் போல் ஸ்டீபன்சன் காட்டுகிறார். மாசிடோனியா யாருக்கு என்று கிரேக்கரும் பல்கேரியரும் மோதிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு மறுபடியும் தேவை வந்தது. 1911 இல் பெனலோப்பி டெல்ட்டா இளையோருக்காக ஒரு கிரேக்க நாவல் எழுதினார். பசில் இறந்து 886 ஆண்டுகள் கடந்திருந்தன. நாவலின் தலைப்பிலேயே அந்தப் பட்டம் இருந்தது.