எட்டு இடம், ஒன்பது வடிவம்: எல்சிடியில் ‘திருவண்ணாமலை’ அடங்குமா?

ஆர்டுயினோவில் 16×2 எல்சிடியை இணைச்சு ‘திருவண்ணாமலை’ன்னு தமிழில் காட்டணுமா? ஒரு சிக்கல் இருக்கு.

இந்தத் திரைகளை இயக்குவது ஹிட்டாச்சியின் எச்டி44780 சிப், அல்லது அதற்கு இணையானது. ஆங்கில எழுத்து, எண் எல்லாம் அதிலேயே பதிந்திருக்கும். தமிழ் கிடையாது. நாமே வரைந்து சேர்க்க 64 பைட்தான் இடம். 5×8 புள்ளி கொண்ட ஒரு வடிவத்துக்கு 8 பைட்; ஆக, 8 வடிவம்.

எண்ணிப் பாருங்க: தி, ரு, வ, ண், ண, துணைக்கால், ம, இணைக்கொம்பு, ல. ஒன்பது! ஒன்பதாவதை ஏற்றினால், பழைய எழுத்து ஒன்று திரையிலேயே மாறிவிடும்.

வழி இருக்கு. ஆங்கிலச் சிறிய ‘என்’ எழுத்து, பார்க்கத் துணைக்கால் மாதிரியே இருக்கும். அதைக் கடன் வாங்குங்க. மிச்சம் எட்டு, கச்சிதமா அடங்கிடும்.