காக்குங் கண்

பிறர் பார்வைக்கு அஞ்சும் அச்சத்தைக் குறிக்கத் தமிழிலே சொற்கள் பல உள. கண்ணேறு என்பது ஒன்று. கண்ணூறு என்பது மற்றொன்று. ஏறு என்பது எறிதல். கல்லை எறிவது கல்லேறு. பார்வையை எறிவது கண்ணேறு. ஊறு என்பது துன்பம். கண்ணால் விளையுந் துன்பம் கண்ணூறு. நாவால் விளைவது நாவூறு. குழந்தையின் கன்னத்திலே கரும்பொட்டு இடுவதும், புதுமனையின் முகப்பிலே நீற்றுப்பூசணி தொங்கவிடுவதும், உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பிலிடுவதும் இவ்வச்சத்தின் வழிவந்த வழக்கங்களே.

இவற்றோடு வேறொரு வழக்கமும் அண்மைக் காலத்திலே வந்து சேர்ந்திருக்கிறது. கல்கிசையிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியிலே நடந்து செல்பவர், அணிகலன் விற்குங் கடைகளில் இருவகைக் கண்களைக் காணலாம். ஒன்று, நீலமும் வெள்ளையுமாக வட்டத்துள் வட்டமாய் அமைந்த கண்ணாடி மணி. மற்றொன்று, மேலே புருவமும் கீழே ஒரு சுருளும் உடைய வெள்ளிக் கண். விற்போரும் வாங்குவோரும் இரண்டினையும் 'எகிப்தியக் கண்' என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் கண்ணேறு தடுப்பன என்பதே அவர்கள் கருத்து. ஆயின் இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. வேறுபாட்டை அறிந்துகொள்வது வெறும் பண்டிதத்தனம் அன்று. நம் வாழ்வுக்கும் அதனாற் பயன் உண்டு என்பதைப் பின்னர்க் காட்டுவேன்.

வட்டக் கண்ணாடி மணி துருக்கி, கிரேக்கம் முதலிய நாடுகளிற் பெருவழக்கானது. பார்வை என்னும் பொருளுடைய 'நசர்' என்னும் அரபுச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. தீய பார்வையை எதிர்ப்பார்வையால் மறிப்பது அதன் தொழில். நம் வீடுகளின் முகப்பிலே விழி பிதுங்க நிற்குந் திருஷ்டிப் பொம்மையும் இவ்வினத்ததே.

புருவமுஞ் சுருளும் உடைய கண்ணின் வரலாறு வேறு. அது ஹோரஸ் என்னுந் தேவனுடைய கண். ஹோரஸ் வல்லூறு வடிவினன். கண்ணின் கீழே காணும் கோடும் சுருளும் அப்பறவையின் முகக்குறிகளை ஒட்டி அமைந்தவை. ஹோரசின் தந்தை ஒசிரிஸ். அவனைக் கொன்று அரசைக் கவர்ந்தவன் சேத் என்பவன். தந்தையின் உரிமைக்காக ஹோரஸ் சேத்தோடு பொருதபோது தன் கண்ணை இழந்தான். அறிவுத் தெய்வமாகிய தோத் அக்கண்ணை மீளவும் முழுமையாக்கினான் என்பது ஒரு மரபு. ஹாதோர் என்னுந் தேவி மான்பால் வார்த்து ஆற்றினாள் என்பது, ஏறத்தாழ 3,150 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாப்பிரசுச் சுவடி ஒன்று கூறும் மரபு. தேய்ந்து வளருந் திங்களையும் எகிப்தியர் இக்கண்ணோடு இயைத்துக் கண்டனர்.

இக்கண்ணுக்கு எகிப்தியர் இட்ட பெயர் உஜாத் என்பது. ஊறு நீங்கி நலமுற்றது, குறைவற முழுமையானது என்பது அதன் பொருள். ஆகவே எகிப்தியர் கழுத்தில் அணிந்தது பிறரை முறைத்துப் பார்க்குங் கண் அன்று. புண்பட்டுப் பின் குணமடைந்த கண். காத்தல் அதன் பயன்; நலமே அதன் பொருள்.

இப்பொருளை உளங்கொண்டு நோக்கினால், உஜாத் வைக்கப்பட்ட இடங்களின் கருத்தும் தெளிவாகும். இறந்தோர் உடலைப் பதனிடுவோர் உள்ளுறுப்புகளை அகற்றுதற்கு வயிற்றின் இடப்புறத்தைக் கீறுவர். அக்கீறலின் மேலே உஜாத் பொறித்த தகடு ஒன்றை வைப்பதுண்டு. 1940 ஆம் ஆண்டிலே டானிஸ் என்னும் ஊரிற் கண்டெடுக்கப்பட்ட முதலாம் சூசென்னஸ் மன்னன் கல்லறையில் அத்தகைய பொற்றகடு கிடைத்தது. வெட்டுண்ட உடல் மீண்டும் நலமுறுக என்பதே அதன் வேண்டுகோள். இடைக்கால அரசின் மரப்பேழைகளிலோ கிழக்கு நோக்கிய பக்கத்தில் இரு கண்கள் தீட்டப்பட்டன. உள்ளே ஒருக்களித்துக் கிடப்பவர் அவற்றின் வழியே எழுஞாயிற்றைக் காண்பார் என நம்பினர். 1922 இல் கண்டறியப்பட்ட துட்டன்காமன் கல்லறையிலும் உஜாத் அமைந்த மார்பணியும் காப்பும் இருந்தன. மார்பணியில் அக்கண்ணின் இருமருங்கும் கழுகுத் தேவியும் நாகத் தேவியும் காவல் நிற்பர்.

இது மன்னர்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பொன்னும் செம்மணியும் வாங்க இயலாத எளியோர், படிகக்கல் தூளைக் குழைத்துச் சுட்டு நீலமெருகு ஏற்றிய சிறு கண்களை அணிந்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவ்வழக்கம் நிலவியது.

கதையின் முடிவை இன்னும் சொல்லவில்லை. குணமடைந்த கண்ணை ஹோரஸ் தனக்கென வைத்துக்கொண்டானல்லன். இறந்து கிடந்த தந்தை ஒசிரிசுக்கு அதனைப் படைத்தான், தந்தை உயிர்ப்புற்றான். இதனாலன்றோ, பிரமிட்டுகளின் உட்சுவரிற் பொறித்த மந்திரங்களிலே, இறந்தோர்க்குப் படைக்கும் அப்பமும் நீரும் நெய்யும் யாவும் 'ஹோரசின் கண்' என்றே பெயர் பெற்றன! இழந்தது, மீண்டது, பின் பிறர்க்கு ஈயப்பட்டது என்னும் மூன்று நிலையும் கூடியதே உஜாத்.

இம்மூன்று நிலையும் நமக்குப் புதியன அல்ல. திருவொற்றியூரிற் சூளுறவு தவறியமையால் இரு கண்ணும் இழந்த சுந்தரர், காஞ்சியில் இடக்கண்ணையும் திருவாரூரில் வலக்கண்ணையும் மீளப் பெற்றார். காளத்தியிலே இறைவன் திருவுருவின் கண்ணிற் குருதி வடியக் கண்ட வேடர் திண்ணனார் தம் கண்ணையே இடந்து அப்பிக் கண்ணப்பர் ஆயினார். அம்மன் கோயில்களிலே கண்ணோய் தீர்ந்தோர் வெள்ளியிற் கண்மலர் செய்து சாத்துதலை யாவரும் அறிவர். கொட்டாஞ்சேனையில் வாழ்வோர்க்கு மற்றுமொரு சான்றும் அருகிலேயே உண்டு. அங்குள்ள பேராலயம் புனித லூசியாளின் பெயரால் அமைந்தது. சிசிலித் தீவின் சிரக்கூசா நகரிலே 304 ஆம் ஆண்டில் உயிர்துறந்த அவ்வம்மையாரைத் தட்டிலே இரு கண்களை ஏந்தியவராக ஓவியர் தீட்டுவர். பறிபோன கண்களை இறையருளால் அவர் மீளப் பெற்றார் என்பது பிற்கால மரபு. எகிப்திலிருந்து இவை வந்தன என்று நான் கூறவில்லை. துன்புற்ற மனிதவுளம் எங்கும் ஒன்றாகவே எண்ணியது என்பதே என் கருத்து.

இனி, பயன் உண்டு என்றேனே, அதனைச் சொல்வேன். இத்தீவிலே சென்ற நூற்றாண்டில் ஒருவர் உஜாத்தின் பொருளை மெய்யாகவே நிகழ்த்திக் காட்டினார். அவர் மருத்துவர் ஹட்சன் சில்வா. இறந்தோர் கண்ணால் இருப்போர் ஒளிபெறலாம் என 1958 இல் அவர் பத்திரிகை வாயிலாக வேண்டுகோள் விடுத்தார். 1960 இல் தம் அன்னையார் மறைந்தபோது, அவர்தம் விழிவெண்படலத்தால் ஏழை உழவர் ஒருவர் பார்வை பெறச் செய்தார். 1961 இல் இலங்கை கண் தான சங்கம் அவரால் தோற்றுவிக்கப்பட்டது. 1964 இல் பனிக்கட்டியிட்ட குடுவையிலே முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் விமானமேறின. அதன்பின் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் இலங்கையரின் கண்களைப் பெற்றன. அவற்றுள் எகிப்தும் ஒன்று. உஜாத் பிறந்த மண்ணிலே இத்தீவில் மறைந்தோருடைய கண்கள் ஒளி தந்தன என்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் நெகிழ்கின்றது.

பௌத்தர்கள் இத்தானத்துக்குச் சாதகக் கதைகளுள் ஒன்றாகிய சிவி மன்னன் கதையை மேற்கோள் காட்டுவர். குருடன் ஒருவனுக்குத் தன் இரு கண்ணையும் ஈந்தவன் அவன். புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபியைச் சோழர் குலமுதல்வன் எனப் போற்றுந் தமிழர்க்கு இக்கதை அந்நியமாகுமா?

எனினும் நம்மவர் பலர் தயங்குகின்றனர். கண்தானப் படிவத்தில் யான் கையொப்பமிட்டபோது என் தமக்கையார் கண்கலங்கினார். "கண் இல்லாமற் போறவன் அடுத்த பிறப்பிலை குருடனாய்ப் பிறப்பான் எண்டு அம்மா சொல்லுறவ, தம்பி" என்றார். அவர் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. இறந்தவர்க்குப் பார்வை வேண்டுமென்று பேழையிலே கண் தீட்டிய எகிப்தியரும் அவ்வாறே அஞ்சினர். "அக்கா, கண்ணப்பர் கண்ணைக் கொடுத்துக் குருடரானாரோ, நாயனாரானாரோ?" என்று மட்டும் கேட்டேன். அவர் விடை கூறவில்லை. ஒரு திங்கள் கழிந்தபின், தமக்கும் ஒரு படிவம் கொண்டு வரும்படி சொன்னார்.

என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி அவ்வெள்ளிக் கண்ணைக் கழுத்திலே அணிந்து வந்து, "ஐயா, இது மூடநம்பிக்கையோ?" என வினவினாள். அணிக, அதன் பொருளையும் அறிந்து அணிக என்றேன். எறியப்படும் பார்வைக்குக் கண்ணேறு என்று பெயர் வைத்த தமிழே, பிறர் துயரின்பால் ஓடிச் செல்லும் பார்வைக்குக் கண்ணோட்டம் என்றும் பெயர் வைத்தது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதனையே கண்ணுக்குரிய அணியாகவும் கொண்டார். கழுத்திலே கண்ணை அணிவோர் கண்ணிலே இவ்வணியையும் பூணுவாராக.