மனரம்மியம்



அக்ரஹாரத்தில் மாலை வேளையில் நான்கு தமிழர் கூடினால், பேச்சு பெரும்பாலும் "நாம் ஊரிலேயே இருந்திருந்தால்!" என்ற பெருமூச்சில்தான் வந்து முடியும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊரில் தனித்திருக்கும் வயோதிகப் பெற்றோர் என நம் சஞ்சலங்கள் பல. இதை எழுதும் நானும் அதற்கு விலக்கானவன் அல்லன். நெல்லைச் சீமையில் என் தாயார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மைசூரில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த நான், மாதம் ஒருமுறை சென்று முகம் பார்த்துத் திரும்பினேன். அந்நாட்களில் எவரேனும் "மனத்தைத் தேற்றிக்கொள்ளும்" என்றால் எனக்குக் கோபமே வந்தது.

அப்பொழுதுதான் எங்கள் சீமையில் வாழ்ந்து மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வரலாறு என் நினைவில் எழுந்தது. 1867-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த அவர், 1895-இல் நமக்கு அண்மையிலுள்ள பெங்களூருக்குத்தான் முதலில் ஊழியத்திற்கு வந்தார். அடுத்த ஆண்டு திருநெல்வேலிச் சீமை சென்று, தமிழ் கற்று, சேலை உடுத்தித் தமிழரோடு தமிழராய் வாழ்ந்தார். 1901-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் நிலையிலிருந்து தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அது முதல், மேற்கு மலையடிவாரத்து டோனாவூர், ஆதரவற்ற குழந்தைகளின் இல்லமாயிற்று. குழந்தைகள் அவரை "அம்மா" என்றே அழைத்தனர்.

முப்பது ஆண்டுகள் ஓடியாடி உழைத்தவருக்கு 1931 அக்டோபரில் பெருந்துன்பம் நேர்ந்தது. களக்காட்டில் மருந்தகத்திற்காக ஏற்பாடாகியிருந்த வீட்டைப் பார்வையிடச் சென்றவர், அந்தி இருளில் புதிதாகத் தோண்டிய குழியில் விழுந்தார். கால் முறிந்தது, முதுகெலும்பும் பழுதுற்றது. அதன்பின் 1951 ஜனவரியில் காலமாகும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறையே அவருக்கு உலகமாயிற்று.

அவர் அந்த அறையில் என்ன செய்தார்? பத்துக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். அவற்றுள் 1933-இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்பது நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நலமாயிருப்போர் எழுதும் ஆறுதல் நோயாளியின் உள்ளத்தைத் தொடுவதில்லை என்பதை அவர் தம் அனுபவத்தில் அறிந்திருந்தார். என் கோபம் குற்றமன்று என்று அப்போதுதான் தெளிந்தேன்.

நிற்க. கிறிஸ்துவ வேதத்தில் பவுல் அப்போஸ்தலர் சிறைக்காவலில் இருந்துகொண்டு பிலிப்பி பட்டணத்தாருக்கு எழுதிய நிருபம் ஒன்றுண்டு. எந்நிலையிலும் மனரம்மியமாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அதில் அவர் தெரிவிக்கிறார். கற்றுக்கொண்டார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. மனநிறைவு பிறவியிலேயே வாய்ப்பதன்று. பாடம்போல் நாள்தோறும் பயின்று, தவறி, மீண்டும் பயில வேண்டுவது. அதற்கு ஆதாரம் சம்பளமோ, ஊரோ, உடல்நலமோ அன்று. எந்த அறையிலும் இறைவன் நம்மைக் கைவிடவில்லை என்னும் விசுவாசமே.

இதைக் கேட்டு, "அப்படியானால் எல்லா அநீதியையும் பொறுத்துச் சும்மா இருப்பதா?" எனச் சிலர் வினவலாம். அம்மையார் அவ்வாறு இருக்கவில்லை. தம் வலியை ஏற்றுக்கொண்டவர், பிறர் குழந்தையின் துயரை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லை. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் அக்குழந்தைகளுக்குக் கதவு திறந்துவிட்டார். தன் குறையில் அமைதியும் பிறர் குறையில் அக்கறையும் ஒருங்கே அமைவதே மெய்யான மனரம்மியம்.

தம் கல்லறைமேல் கல் எதுவும் நாட்ட வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஆகவே அங்கே பறவைகளுக்கான நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, 'அம்மை' என்ற ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

என் தாயார் இப்பொழுது இல்லை. ஊர் நினைவும் என்னை விட்டு அகலவில்லை. ஆயினும் நம் வரிசையில் வீட்டிலே படுத்திருக்கும் முதியவர் எவரேனும் உண்டென்று கேள்விப்பட்டால், அலுவல் முடிந்ததும் சென்று அரைமணி நேரம் அருகில் அமர்ந்து வருகிறேன். ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. என் பாடத்தை நான் அங்கேதான் பயில்கிறேன்.