மூன்று விசையில் ஒரு வினாத்தாள்

படவேட்டுக்குக் கூட்டம் போகும் ஆடி மாதத்தில் கண்ணமங்கலம் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. எல்லார் கையிலும் திருவிழா நோட்டீஸ். என் கையில் பென்டிரைவ். அதில் எட்டாம் வகுப்புக் கணக்கு அலகுத் தேர்வு வினாத்தாள். கடைத் தம்பி கோப்பைத் திறந்தார். 'கொள்ளளவு' என்று நான் அடித்திருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ இருந்தது. அடிக்கோடு போட்டுச் சமாளித்திருந்த பின்னத்தில், மேலே நிற்கவேண்டிய 3 பக்கத்துக் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது.

"சார், இந்த ஃபான்ட் நம்மகிட்ட இல்ல."

அன்று ராத்திரிதான் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் பக்கம் திரும்பினேன். கணக்குக்காரர்களுக்கு இது பழைய சரக்கு. 1977இல் டொனால்ட் நூத் என்ற அமெரிக்கப் பேராசிரியர், தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்து முகம் சுளித்தார். அச்சுக் கோப்பதற்குத் தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். ஓராண்டில் முடியும் என்று நினைத்த வேலை, கிட்டத்தட்டப் பத்தாண்டுகளைத் தின்றது. அதன் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்திலும் பையின் மதிப்பை நெருங்கும், 2021இல் 3.141592653. கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்க இது ஒன்றே போதும்.

டெக்கில் எழுத்தின் உருவத்தை நாம் தொடுவதில்லை. 'இது வினா, இதற்கு 5 மதிப்பெண், இது விடை' என்று மட்டும் எழுதிவைக்கிறோம். வினாத்தாளுக்கென்றே உள்ள வார்ப்பு ஒன்று, எண் போட்டு மதிப்பெண்ணையும் கூட்டித் தருகிறது. மேலே ஒரே ஒரு கட்டளையைச் சேர்த்தால் அதே கோப்பு விடைக்குறிப்பாக வெளியே வருகிறது.

தமிழ் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 'கெ' என்று கையால் எழுதும்போது கொம்பு முதலில், ககரம் பிறகு. ஈய எழுத்துக் கோத்தவர்களும் தட்டச்சுக்காரர்களும் அந்த வரிசையில்தான் போனார்கள். பழைய கணினி எழுத்துருக்களும் அதே வழியில் போய், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் கொம்பையும் காலையும் குடிவைத்தன. எழுத்துரு இல்லாத கணினியில் குடித்தனக்காரர் மறைந்து வீட்டுக்காரர் தெரிவார். கடையில் நான் பார்த்தது அதைத்தான். யூனிகோடில் ககரம் முன்னால், கொம்பு பின்னால். திரையிலோ தாளிலோ வரும்போது கொம்பை முன்னே தூக்கிவைப்பது மென்பொருளின் பொறுப்பு. ஜொனாதன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக் என்ற டெக் வடிவம் இதைச் செய்கிறது.

வரி உடைப்பு இன்னும் அழகு. டெக் வரிவரியாகப் போவதில்லை. பத்தி முழுவதையும் ஒன்றாகப் பார்த்து, இந்த இடத்தில் உடைத்தால் எவ்வளவு அசிங்கம் என்று எண்களால் அளந்து, மொத்த அசிங்கம் குறைந்த வழியை எடுக்கும். 'பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்' போன்ற ரயில் வண்டிகளை எங்கே கழற்றலாம் என்பதற்கும் விதி உண்டு. புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வரக்கூடாது என்பது அதில் ஒன்று. நம் அச்சகப் பெரியவர்கள் கண்ணாலேயே பார்த்த வேலை.

ஆனால் நாள்பட எரிச்சல் வந்தது. சேமி, கட்டளை அடி, பிடிஎஃப்பைத் திற, பிழையைப் பார், திரும்பி வந்து அந்த வரியைத் தேடு. ஒரு ஒற்று விட்டுப்போனதற்கு இத்தனை நடை!

இங்கேதான் ஈமேக்ஸ் கைகொடுத்தது. 1976இல் எம்ஐடி ஆய்வகத்தில், ஆளாளுக்கு எழுதிவைத்திருந்த குறுங்கட்டளைகளைத் திரட்டியதில் பிறந்த உரைத்திருத்தி அது. நம் வசதிக்கு வளைப்பதற்கென்றே உள்ளது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆக்டெக் என்ற டெக் துணைப்பொதியை அதில் சேர்த்தேன். அமைப்புக் கோப்பில் நான் எழுதியது பதினைந்து வரிதான். எஃப்5 தட்டினால் கோப்பு சேமிக்கப்பட்டு, சீடெக் ஓடி, பக்கத்துச் சாளரத்தில் வினாத்தாள் புதுப்பித்து நிற்கும். எஃப்6 விடைக்குறிப்பு. எஃப்7 தட்டினால் தாளின் இரு பக்கமும் அச்சாகும்.

எனக்கு இன்றும் வியப்பு தருவது சிங்க்டெக். பிடிஎஃப்பில் பிழையான சொல்லின்மேல் கன்ட்ரோலை அழுத்திச் சொடுக்கினால், மூலக்கோப்பில் அது இருக்கும் வரியில் குறிமுள் போய் நிற்கும். மந்திரமில்லை. அச்சுக் கோக்கும்போதே, தாளில் இந்த இடத்தில் உள்ளது மூலத்தின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்று ஒரு துணைக்கோப்பில் எழுதிவைத்துவிடுகிறது. தாளுக்கும் மூலத்துக்கும் நடுவே ஒரு வரவு செலவுப் புத்தகம்.

நூத்தும் ஈமேக்ஸ்காரர்தான். தன் அமைப்புக் கோப்பை இணையத்தில் எல்லார் பார்வைக்கும் வைத்திருக்கிறார். இணைய இணைப்பே இல்லாத மடிக்கணினியில் எழுதுவதாகவும், கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோவதாகவும் 2008இல் ஒரு பேட்டியில் சொன்னார். படித்தபோது எனக்குக் கடைத்தெரு ஞாபகம் வந்தது.

நாற்பது படி வேண்டுமென்றால் நானும் இன்னும் பென்டிரைவோடுதான் போகிறேன். உள்ளே பிடிஎஃப், எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்திருக்கிறது. தம்பி கோப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

"சிங்கிள் சைடா, பேக் டு பேக்கா சார்?"