வழுக்கியில் ஏற்றப்படும் இழையம்

நோயாளியின் உடலிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கி மருத்துவ நிபுணர் முடிவு கூறுகின்றார். அம்முடிவின் பெறுமதியை நாம் நன்கறிவோம். அவ்விழையத்தை அவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் கையுழைப்பைப் பற்றியோ நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அவ்வுழைப்பின் ஒரு படியை இங்கு விளக்க முயல்வோம்.

பரபின் மெழுகிற் பதிக்கப்பட்ட இழையம், நுண்வெட்டியால் 3 முதல் 5 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள சீவல்களாக வெட்டப்படுகின்றது. அலகின் அழுத்தத்தாற் சீவல் சுருக்கங்கொள்கின்றது. எனவே அதனை வெந்நீர்த் தொட்டியில், பளபளப்பான பக்கம் கீழாக, மிதக்கவிடுகின்றோம். வெப்பத்தால் மெழுகு இளக, நீரின் மேற்பரப்பிழுவிசை சீவலை விரிக்கின்றது. நீரின் வெப்பநிலை மெழுகின் உருகுநிலையிலும் 5 முதல் 10 பாகை செல்சியஸ் குறைவாக இருத்தல் வேண்டும். மேலும் குறைந்தால் மடிப்பு நீங்காது. மிகுந்தால் மெழுகு உருகி இழையம் சிதறும்.

விரிந்த சீவலின் கீழே வழுக்கியைச் சாய்வாக அமிழ்த்தி, சீவலின் விளிம்பு கண்ணாடியைத் தொட்டதும் மெல்ல உயர்த்துகின்றோம். நீர் வடிந்த பின்னரே அதனை வெப்ப அடுப்பில் உலர்த்தல் வேண்டும். அவசரப்பட்டால், அடியிற் சிக்கிய நீரினால் ஒட்டு நலிவுற்று, சாயமூட்டும்போது இழையம் கழன்றுபோகும். இழையம் கண்ணாடியில் ஒட்டுவதற்கு முட்டை வெண்கருவும் கிளிசரினும் கலந்த கலவையை 1883 இல் போல் மேயர் அறிமுகஞ்செய்தார். இன்று நேரேற்றம் ஊட்டப்பட்ட வழுக்கிகள் மறையேற்றமுள்ள இழையத்தை ஈர்த்துப் பிடிக்கின்றன.

இவற்றினும் பாரதூரமான தவறு ஒன்றுண்டு. பல நோயாளரின் இழையங்கள் ஒரே தொட்டியில் அடுத்தடுத்து மிதக்கவிடப்படுகின்றன. ஒருவருடைய இழையத்தின் துணுக்கொன்று நீரில் எஞ்சிநின்று மற்றொருவரின் வழுக்கியில் ஒட்டிக்கொள்ளக்கூடும். அதிற் புற்றுநோய்க் கலங்கள் இருப்பின், அந்நோயற்றவர் நோயுற்றவராகக் கணிக்கப்படும் அபாயம் உண்டு. இதனைத் தடுப்பதற்கு விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு மெழுகுக் கட்டியை வெட்டி முடித்ததும் நீர்ப்பரப்பைத் தாளால் வழித்தெடுத்தலும், சீவலை ஏற்றுமுன்னரே வழுக்கியில் உரிய இலக்கத்தை எழுதுதலும் போதும்.

ஆயின் அதற்கு நேரம் வேண்டும். ஆளணியைக் குறைத்து, வழுக்கிகளின் தொகையை மட்டும் கணக்கிடும் நிருவாகத்தின் கீழ் முதலிற் பறிபோவது நீர்ப்பரப்பை வழிக்கும் அச்சில வினாடிகளே. அறிக்கையிற் கையொப்பமிடுபவர் மருத்துவ நிபுணர்; அவர் காண்பதோ ஆய்வுகூட ஊழியரின் கை அவருக்குக் காட்டியதையே. அக்கைக்கு உரிய பயிற்சியையும் அவகாசத்தையும் மதிப்பையும் வழங்குவது நோயாளிக்கு நாம் செய்யவேண்டிய கடமையாகும்.