சதுரங்கப் பொறிகளும் அவற்றைப் பேணுவோரும்

சோழநாட்டிலே மன்னார்குடிக்கு அண்மையிலுள்ள திருப்பூவனூரில் எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். அரசிளங்குமரி ஒருத்தியை இறைவன் சதுரங்கத்தில் வென்று மணந்தான் என்பது தலவரலாறு. ஆடலுக்கு இணையான எதிரி வேண்டும் என்னும் உண்மை அவ்வரலாற்றில் உறைந்து கிடக்கின்றது. எதிரி கிடையாத வேளையில் மனிதன் பொறியை நாடினான்.

1770இல் வியன்னாவிலே கெம்பலன் என்பார் காட்டிய 'துருக்கியன்' என்னும் பாவை உண்மைப் பொறியன்று. உள்ளே ஓர் ஆள் மறைந்திருந்தான். 1950இல் கிளோட் சனன் என்னும் அறிஞர் பொறி ஆடும் முறையை எழுதி வெளியிட்டார். அரசிக்கு 9, கோட்டைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, காலாளுக்கு 1 என மதிப்பிட்டு, வரக்கூடிய நிலைகளை ஒப்பிட்டு நல்லதைத் தெரிதலே அம்முறை. ஒரு நிலையில் ஏறக்குறைய 30 நகர்வுகள் உளவெனின், இருவரும் ஒவ்வொரு முறை ஆடியதும் 900 நிலைகள் தோன்றும். மேலும் ஆடுந்தோறும் அத்தொகை எல்லைகடந்து பெருகும்.

1977இல் அமெரிக்காவின் பிடெலிற்றி நிறுவனம் வீட்டில் வைத்து ஆடத்தக்க பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1979இல் அந்நிறுவனத்தின் பொறியொன்று நகர்வுகளை வாய்விட்டுக் கூறியது. 1983இல் வந்த வேறொரு பொறி, பலகையின் கீழ் இயங்கும் காந்தத்தாற் காய்களைத் தானே நகர்த்தியது. 1997 மே மாதத்தில் 'டீப் புளூ' என்னும் பெருங்கணினி, வினாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்து, உலக வீரர் கஸ்பரோவை வென்றது. இன்று கைத்தொலைபேசியில் ஆடும் நிரலும் எவ்வீரரையும் வெல்ல வல்லது.

அங்ஙனமாயின் வலிகுன்றிய பழம்பொறிகளைத் தேடித் திரட்டுவோர் அவற்றிற் காணும் இன்பம் யாது?

முதலாவது, அவற்றின் குறைபாடே. பழம்பொறி சில நகர்வுகளுக்கு அப்பாற் காணாது. தோல்வி நெருங்குங்கால், அதனைத் தன் பார்வைக்கு அப்பால் தள்ளுவதற்காகக் காய்களை வீணே பலியிடும். ஒன்று தாக்குதலை விரும்பும். மற்றொன்று காலாளைக் கவர்வதிலே கருத்தூன்றும். இவ்வியல்பினை அறிந்து ஆடுவது ஒருவரோடு பழகுவதை ஒக்கும். வெல்லவியலாத எதிரியிடம் இவ்வின்பம் இல்லை.

இரண்டாவது, அவை கைக்குள் அடங்குபவை. தன் வள்ளத்தின் இயந்திரத்தைத் தானே கழற்றிப் பூட்டும் கடற்றொழிலாளன் அதன் ஓசையிலேயே நோயை உணர்வான். விசைப்பித்தானைத் துடைத்து, அறுந்த கம்பியை ஒட்டி, நாற்பதாண்டுப் பொறியை மீண்டும் ஆடச் செய்வோனுக்கும் அவ்வுறவு வாய்க்கின்றது.

மூன்றாவது, ஒரு காலத்தின் முயற்சி அழியாது காக்கப்படுகின்றது. 1990இல் இடம்பெயர்ந்து, 2017 யூலையில் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின்னரே தம் கரையை மீளக் கண்ட மயிலிட்டி மக்களுக்குப் பேணப்பட்ட பழம்பொருளின் அருமையை எடுத்துரைத்தல் வேண்டா. இழந்தோர் அதனை அறிவர்.

பொறி வென்று களிப்பதுமில்லை, தோற்று வருந்துவதுமில்லை. அவ்விரண்டும் எதிரே அமர்ந்திருப்பவனுக்கே உரியன. பெரும்பொறிகள் மனிதனை வென்ற பின்னரும் சதுரங்கம் மறையாமைக்கு இதுவே காரணமாகும். எதிரிலிருப்பது உயிரற்றதாயினும், தன் பொறுமையையும் அவசரத்தையும் அப்பலகையிற் கண்டு திருந்துபவன் மனிதனே.